பூவாளி கிடைக்கும் நாட்கள்

நிலசம்பங்கிக் கிழங்கை முதன்முதலில் கண்டபோது அம்மா அதை வெங்காயம் என்றுதான் நினைத்தார். சித்தப்பா பதுளைப் பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹயர் போய்விட்டு ஓட்டோவின் பின் இருக்கையில் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். அம்மா இரண்டை எடுத்து உரித்து, முகர்ந்து பார்த்து, "இதென்ன வெங்காயம், கண்ணே எரியல்ல" என்று குறைபட்டுக்கொண்டார். இன்னும் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் அன்றைய மீன் குழம்போடு இந்தக் கதையும் முடிந்திருக்கும். சின்னம்மா ஓடிவந்து பையைப் பறித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் சீதனமாக வீடு பெண்பிள்ளைக்குத்தான். அதனால் அம்மாவும் அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் செட்டிபாளையத்தில் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். நடுவே வேலி கிடையாது. கிணறு பொது, முருங்கை பொது, சண்டையும் பொது. ஒரேயொரு விஷயத்தில் மட்டும் சின்னம்மா எல்லை போட்டிருந்தார். அது கிணற்றடிக்கு அப்பால் அவர் போட்ட நிலசம்பங்கிப் பாத்தி. பூரான், நண்டு, நான், யாராக இருந்தாலும் அதற்குள் கால்வைக்கக் கூடாது.

அவ்வளவு பாடுபட்டிருந்தார். எங்கள் ஊர் மண் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் விட்டுவைத்த வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நின்று நன்றி சொல்லாமல் இறங்கிவிடும். சின்னம்மா வாவிப்பக்கத்துச் சேற்றை வெயிலில் காயவைத்து உடைத்து, சாணத்தூளோடு மணலில் கலந்து மேடாக்கினார். மாரி மழை தொடங்குமுன் கிழங்குகளைக் கிண்டி எடுத்து, சுளகில் பரப்பி உலர்த்தி, உமிக்குள் போட்டு அடுப்படிப் பரணில் ஏற்றிவிடுவார். இல்லாவிட்டால் அழுகிவிடும். பொங்கல் கழிந்து நிலம் காய்ந்ததும் அவை திரும்பவும் மண்ணுக்கு வரும். நட்டது ஆடியில் பூக்க வேண்டும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரருக்குப் போக வேண்டும். அது அவர் வைத்திருந்த நேர்த்திக்கடன். என்ன நேர்த்தி என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு எட்டு வயது, எனக்குத் தெரியாது.

அந்த வருடம் நடும் நாளில் நானும் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஒவ்வொரு பழைய கிழங்கைச் சுற்றியும் குட்டிக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, குட்டிகள்தான் பூக்கும் என்று சொல்லிச் சொல்லி சின்னம்மா அவற்றைப் பிரித்தெடுத்தார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"ஆத்தே! ஒண்டுக்கே இவ்வளவு பிள்ளையா?" என்றேன்.

பக்கத்தில் நின்ற அம்மா என் தொடையில் கிள்ளினார். ஏன் கிள்ளு வாங்கினேன் என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருடமாகச் சின்னம்மா ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தார் என்பதை ஊரில் அறியாதவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

எனக்கு இருந்த கவலையெல்லாம் பூவாளியைப் பற்றியது. சித்தப்பா காத்தான்குடிக் கடையொன்றில் வாங்கிக் கொடுத்த பச்சைப் பிளாஸ்டிக் பூவாளி அது. சாய்த்தால் சின்ன மழை பெய்யும். வீட்டில் ஒரு மழையை வைத்துக்கொண்டு தொடாதே என்று சொன்னால் எந்தப் பிள்ளை பொறுக்கும்? ஆனால் மாதத்தில் சில நாட்கள் அந்தப் பூவாளி என் கைக்கு வரும். சின்னம்மா தன் வீட்டு வாசலில் நின்றபடியே, வயது பாராமல் பெண்களை விளிக்கும் எங்கள் ஊர் 'கா' போட்டுக் கூப்பிடுவார்.

"இஞ்ச வா கா. எனக்கு இடுப்பு நோகுது. நீ போய்த் தண்ணி ஊத்து. குருத்துக்குள்ள ஊத்தாத, அடியில ஊத்து."

கோயிலுக்குப் பூக்கொடுக்கும் செடியை மாதவிலக்குத் துடக்கு நாட்களில் பெண்கள் தொடுவதில்லை. தொட்டால் செடி கருகிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதைச் சின்னப்பிள்ளைக்குச் சொல்ல முடியாது என்பதால் எனக்குச் சொல்லப்பட்டது இடுப்பு நோவு. நானும் நம்பினேன். அந்த நாட்களில் சின்னம்மாவின் முகம் செத்துப்போயிருக்கும். இடுப்பு நொந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் பூவாளியோடு துள்ளிக்கொண்டு போவேன்.

ஆனி பிறந்தது. பாத்தியில் தண்டுகள் எழும்பத் தொடங்கின. சின்னம்மா என்னைக் கூப்பிடவேயில்லை. இன்றைக்குக் கூப்பிடுவார், நாளைக்குக் கூப்பிடுவார் என்று கிணற்றடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அவரோ தானே பூவாளியைப் பிடித்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி நீர் ஊற்றினார். போதாக்குறைக்கு, ஒருநாள் அவர் கிணற்றில் வாளியை இறக்கப் போக அம்மா ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கினார்.

"விடு கா. பாரம் தூக்காத. நான் அள்ளித் தாறன்."

சின்னம்மா சிரித்தார். "இன்னும் ஒண்டும் தெரியாதுக்கா. வெளியில சொல்லிப்போடாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வேலையை அம்மாவே பறித்துக்கொண்டாரே! போன முறை ஒரு குருத்தை முறித்தது சின்னம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் பின்னேரம் பாத்தி முழுக்கப் பூத்து நின்றது. வளவே மணத்தது. மறுநாள் விடியச் சின்னம்மா தண்டுகளைத் தானே வெட்டி, வாழையிலையில் சுற்றி, ஈரத்துணி போர்த்தி மடியில் வைத்துக்கொண்டார். சித்தப்பாவின் ஓட்டோவில் மூன்று பேரும் மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கும் அமிர்தகழிக்குப் போனோம். பள்ளம் குழி கண்ட இடமெல்லாம் சித்தப்பா ஆமைபோல ஊர்ந்தார். வழக்கமாக அவர் பள்ளத்தைக் கண்டால்தான் வேகம் கூட்டுவார். சின்னம்மா அவரைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தார். அவரை அத்தனை அழகாக நான் கண்டதில்லை.

தீர்த்தக் குளத்தைச் சுற்றிச் சனம் நெருக்கியது. எங்கள் பூ உள்ளே போனது. சின்னம்மா கண்ணை மூடிக் கைகூப்பியபடி நெடுநேரம் நின்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நானும் பக்கத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சாமிக்கு நன்றாக விளங்கும்படி இரண்டு தரம் கேட்டேன்.

வெளியே வந்து கச்சான் கடலை வாங்கித் தரும்போது சின்னம்மா, "என்ன கும்பிட்ட?" என்றார்.

"சொன்னாப் பலிக்காது."

"சரிதான். நானும் சொல்லமாட்டன்."

ஒரே சந்நிதியில், ஒரே பூவை முன்னே வைத்து, தோளோடு தோள் உரச நாங்கள் இருவரும் ஒன்றுக்கொன்று நேரெதிரான வேண்டுதல்களை வைத்துவிட்டு வந்திருந்தோம். கடவுளாக இருப்பது லேசான வேலையில்லை.

திருவிழா முடிந்து சில நாட்கள்தான் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா சின்னம்மா வீட்டு வாசற்படியில் குந்தியிருந்தார். சித்தப்பாவின் ஓட்டோ அந்த நேரத்தில் வீட்டில் நின்றது. உள்ளே பாயில் சின்னம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டு, திரும்பாமலே பேசினார்.

"புள்ள, இடுப்பு நோகுது. தண்ணி ஊத்து."

அவ்வளவுதான். எனக்குத் தலைகால் தெரியவில்லை. புத்தகப்பையை எறிந்துவிட்டுக் கத்தினேன்.

"சின்னம்மா! நான் மாமாங்கத்துல கும்பிட்டது பலிச்சிட்டு!"

அவர் மெல்லத் திரும்பினார். கண்கள் வீங்கியிருந்தன.

"என்ன கும்பிட்ட?"

பலித்துவிட்ட பிறகு ஒளிப்பானேன்? "நீங்க திரும்பவும் என்னத் தண்ணி ஊத்தக் கூப்பிடணும் எண்டு. மாதா மாதம் கூப்பிடணும் எண்டு."

வாசலில் அம்மா "ஐயோ" என்று எழும்பினார். சின்னம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பள்ளிக்கூடச் சட்டையின் காலரை நீவிச் சரிசெய்தார்.

"சாமிக்குச் சின்னப் புள்ளையள்ட சத்தம்தான் முதல்ல கேக்கும் போல" என்றார். பிறகு, "போ புள்ள. வெயில் இறங்குது. அடியில ஊத்து" என்றார்.

பூவாளியை நிரப்பிக்கொண்டு பாத்திக்குப் போனேன். அன்று பின்னேரம் செட்டிபாளையத்தில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் இருந்திருக்க முடியாது. பூ வெட்டிய தண்டுகளின் அடியில் புதுக் குட்டிகள் முளைவிட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மழை பெய்தேன். நடுவே நிமிர்ந்து பார்த்தபோது சின்னம்மா எழும்பி வந்து யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாத்தியையே பார்த்தபடி நின்றார். அடியில்தான் ஊற்றுகிறேனா என்று பார்க்கிறார் என நினைத்து, நான் இன்னும் நன்றாகக் குனிந்து ஊற்றினேன்.