ஈயப் பெட்டியின் கனம்

யார் எதைச் சொன்னாலும் ஒரு கொக்கி போடுவாள் என்பதால் ஆபீஸில் அவளுக்குக் கொக்கி என்றே பேர். கதிரியக்கப் பொருள் சிதையும்போது என்னென்ன கதிர் கிளம்பும், அதை அடக்க எவ்வளவு ஈயம் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் சொன்ன கனத்துக்குத்தான் பட்டறையில் பெட்டி வார்ப்பார்கள். அவள் வீட்டுக்காரர் அதே வளாகத்தில் டெக்னீஷியன். அன்று காலை பழைய பெட்டியிலிருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருளை அவள் கணக்கிட்ட புதுப் பெட்டிக்கு மாற்றப் போயிருந்தார்.

கசியும் கதிரைப் புள்ளி புள்ளியாகக் காட்டும் கணக்குப் படத்தை அறிக்கையில் சேர்க்கலாமென்று மறுபடி திறந்தவளுக்குச் சுருக்கென்றது. பெட்டிக்கு வெளியே ஒரு புள்ளிகூட இல்லை. இவ்வளவு சுத்தமாகவா இருக்கும்? கணக்குக்குள் நுழைந்து பார்த்தாள். சீசியம் சிதைந்து, அதன் சேய் அணுவான பேரியம் பிறக்கும் இடத்தோடு அது நின்றிருந்தது. ஆனால் ஈயத்தையும் துளைக்கிற காமாக் கதிரை விடுவதே அந்தப் பேரியம்தான்! அறையில் அலாரம் உண்டு. ஆனால் கதிர் கசிந்த பிறகுதான் அது அலறும்; அப்போது அவர் புதுப் பெட்டிமேல் குனிந்திருப்பார்.

அந்த அறைக்குள் செல்போன் கூடாது. அறையின் போனை யாரும் எடுக்கவில்லை. மேலாளரிடம் ஓடினாள்.

"ரெண்டு பேர் சரிபார்த்தாச்சேம்மா. இப்போ போய் நிறுத்தச் சொன்னா..."

"அப்புறம் திட்டுங்க சார்!"

செருப்பு ஒரு பக்கம் போக, நடைபாதையில் ஓடினாள். உள்ளே வேலை நடக்கிறது என்று கதவின்மேல் சிவப்பு விளக்கு. பக்கத்துச் சுவரிலிருந்த அவசரப் பொத்தானை ஓங்கி அடித்தாள். கட்டடமே ஊளையிட்டது. கதவு திறந்து முதலில் உதவியாளர், பின்னால் கையுறையோடு அவர்.

"என்னடி ஆச்சு? உனக்கு ஏதாச்சுமா?"

"திறந்துட்டீங்களா?"

"இல்ல, பழைய பெட்டியோட கடைசி போல்ட்ட கழட்டிட்டிருந்தேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"தப்பு என்னோடது சார். சேய் அணுவை விட்டுட்டேன்."

"பெத்த பிள்ளையவே மறந்துட்டியா?" என்றார் வீட்டுக்காரர். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

பேரியத்தையும் சேர்த்து ஓட்டியதும் திரை முழுக்கப் புள்ளிகள் கொட்டின. சுவர் பல மடங்கு தடிக்க வேண்டியிருந்தது. அந்தப் புதுப் பெட்டியை உருக்கினார்கள். அவளுக்கும் சரிபார்த்த இருவருக்கும் எச்சரிக்கை வந்தது. கொக்கி எதுவும் போடாமல் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள்.

மாலை பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"விடு, டிக்கெட் எடுக்கணும்."

"அந்தக் கையால எடுங்க."