மூன்று வாடகை வீடும் ஒரு வீட்டுக்காரரும்

வாடகைக்கு வீடு விடுவதைப் போல நோகாத பிழைப்பு இல்லை என்று சொல்கிறவர்கள் யாரும் வாடகைக்கு வீடு விட்டவர்கள் இல்லை. உங்களில் யாராவது ஒரு குடிசையையாவது வாடகைக்கு விட்டிருந்தால் நான் சொல்லப்போவது புரியும். பெண்பிள்ளையாக இருந்து விட்டிருந்தால் வயிறும் எரியும்.

அயனம்பாக்கத்து என் அப்பா, கல்யாணத்தின்போது மேனாம்பேட்டில் இருந்த மனைக்கட்டை எனக்கு மஞ்சள்காணியாக எழுதிவைத்தார். மஞ்சள்காணி என்றால் பெண்ணுக்கென்றே கொடுப்பது, வேறு யாருக்கும் அதில் பாத்தியதை கிடையாது. பிறகு உலகச் சண்டை வந்தது. பட்டணத்து ஜனங்கள் குண்டுக்குப் பயந்து சட்டி பானையோடு அம்பத்தூர்ப் பக்கம் வந்து இறங்கினார்கள். ஆவடியில் பட்டாளத்து வேலைக்கும் ஆள் வந்துகொண்டே இருந்தது. மாட்டுக் கொட்டகை காலியா என்றுகூடக் கேட்டார்கள். என் ஒட்டியாணத்தையும் காசுமாலையையும் விற்று அந்த மனையில் வரிசையாக மூன்று ஓட்டு வீடு கட்டினேன். எனக்குப் பிள்ளை இல்லை. கடைசிக் காலத்தில் யார் வாசலிலும் போய் நிற்காமல் சோறு தின்ன அந்த மூன்று வீடுதான் கதி.

கட்டியது நான். ஆனால் வீட்டுக்காரர் அவர். நம் பாஷையில் புருஷனும் வீட்டுக்காரர், வீட்டுக்குச் சொந்தக்காரரும் வீட்டுக்காரர். இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஊரே என்னைப் படுத்திய பாட்டைத்தான் எழுதுகிறேன்.

கொத்தனார்

சமையல்கட்டைப் பின்பக்கம் வை, புகை கொல்லைப் பக்கம் போகட்டும் என்று கொத்தனாரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சரி சரி என்றார். சாயங்காலம் ரயிலிறங்கி வந்த என் வீட்டுக்காரரிடம் போய், முன்பக்கம் வைத்தால் செங்கல் மிச்சம் என்று ஓதியிருக்கிறார். இவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், நல்ல மனுஷர். யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். அதையும் ஆட்டிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் நான் போய்ப் பார்த்தால் முன்பக்கத்தில் சமையல்கட்டுச் சுவர் இடுப்பளவு நிற்கிறது. இடி என்றேன். என் காசுமாலை அந்தச் சுவருக்குள் போயிருக்கிறது, என் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. கூலி வாங்கும்போது மட்டும் என் முகம் தெரிகிற கொத்தனார், கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"ஊட்டுக்காரரு தல ஆட்டிட்டாரும்மா. நீ போயி ஆளுங்களுக்குக் காப்பித் தண்ணி போடு."

பூட்டு

முதல் வீட்டுக்கு வந்தவர் பட்டணத்தில் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. வந்த அன்று, "தாயே, ஒரு மூலை குடுத்தாப் போதும்" என்று கும்பிட்டார். பயந்து வருகிறவருக்கு வீடு விடாதீர்கள். பயம் தெளிந்ததும் கும்பிடும் தெளிந்துவிடும். குண்டு விழவில்லை என்றதும் மனுஷர் குடும்பத்தோடு பட்டணத்துக்குத் திரும்பிவிட்டார். போகிறவர் வீட்டைக் காலி செய்தாரா? ஓட்டை அண்டா ஒன்றை உள்ளே வைத்துப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். வாடகையும் வரவில்லை, சாவியும் வரவில்லை. வீடு கேட்டு வந்தவர்களை நான் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல் ரயிலேறி அவர் கடைக்கே போய் நின்றேன். அன்றைக்கே திரும்பி வந்து பூட்டை உடைத்து அண்டாவை வெளியே உருட்டினேன் என்பது இருக்கட்டும். அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்:

"உங்க வீட்டுக்காரர்கிட்ட ஸ்டேஷன்லயே சொல்லிட்டேனேம்மா. குண்டு மறுபடியும் வந்தா நாங்க எங்க போறது? எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான் பூட்டி வெச்சேன்."

அடுப்பு

குடியிருக்கிறவர்களைப் பார்க்கப் போனால் ஆளை எண்ணாதீர்கள். ஆட்கள் கொல்லைப்பக்கமாக நழுவிவிடுவார்கள். அடுப்பை எண்ணுங்கள். எரிகிற அடுப்பை எங்கேயும் ஒளிக்க முடியாது.

மூன்றாவது வீட்டில் பட்டம்மாள் குடியிருந்தாள். அவள் புருஷனுக்கு ஆவடியில் மூட்டை ஏற்றும் வேலை. இரண்டு பேர்தான் என்று சொல்லி வந்தவள். ஒரு நாள் போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் மூன்று அடுப்பு எரிகிறது. ஒன்று அவளுடையது, ஒன்று அவள் அண்ணன் குடும்பத்துடையது, இன்னொன்று சின்னம்மா குடும்பத்துடையது. இரண்டு குடும்பத்திடமும் அவள் வாடகை வேறு வாங்கிக்கொண்டிருந்தாள். புதிதாக அடித்த சுண்ணாம்பு உத்தரம் வரைக்கும் கறுத்துக் கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. பட்டம்மாள் மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்:

"இன்னாக்கா கத்திகினு கீற? ஊட்டுக்காரரு கைல கேட்டுகினுதான் வெச்சோம். ஊடு அவருதுதான, உனக்கு இன்னா வந்துச்சி?"

வரிக்காரர்

எங்கள் பக்கம் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். என் கஷ்டம் ஒரு படி அதிகம். அவர் பேரில் ஓர் எண் இருக்கிறது. முறுக்கு எண்ணினாலும் வறட்டி எண்ணினாலும் ஆறு, அதுக்கு மேலே ஒண்ணு, எட்டு என்றுதான் எண்ணுவேன். இது தெரியாமல் நீங்கள் அடுத்ததைப் படித்தால் என்னை முட்டாள் என்பீர்கள்.

வீட்டு வரி போடுகிறவர் ஒருநாள் சைக்கிளில் வந்தார். மூன்று வீட்டையும் சுற்றிப் பார்த்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "வீட்டுக்காரர் பேர் இன்னாம்மா?" என்றார். அவர் கேட்டது சொந்தக்காரர் பேரை. என் காதில் விழுந்தது புருஷன் பேர். பழக்க தோஷம், தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பட்டம்மாள், "ஏழுமலைங்க" என்று உதவிக்கு வந்தாள். அவர் எழுதிக்கொண்டார். அடுத்தது என் பேரைக் கேட்பார் என்று நான் நிற்கிறேன், அவர் சைக்கிளைத் திருப்பிவிட்டார். "ஐயா, மனை எம் பேர்ல கீதுங்க, ஊடும் நான் கட்னது" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவர் ஒரு காலை ஊன்றி நின்று, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"அதாம்மா, உன் ஊட்டுக்காரரு பேர எழுதிட்டேன் இல்ல? நீ வேற, அவரு வேறயா?"

கொழுந்தனார்

வேறுதான் என்று சீக்கிரமே தெரிந்தது. பாரிவாக்கத்தில் என் மாமனார் வீட்டு நிலம் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியாமல் கிடந்தது. பிரியாத குடும்பத்தில் அண்ணன் பேரில் எது இருந்தாலும் தம்பிக்குப் பாதி உண்டு என்று கொழுந்தனாருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாழைத்தாரோடு வந்தார். சாப்பிட்டார். பிறகு மூன்று வீட்டு வாசலிலும் நின்று நின்று கூரையைப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி.

எதற்கு என்று புரிந்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "இந்த ஊட்டுக்கு உன் அண்ணன் ஒரு செங்கல் வாங்கிப் போட்டாரா? எங்கப்பன் குடுத்த மனை, என் ஒட்டியாணம்!" என்றேன். என் வீட்டுக்காரராவது வாயைத் திறப்பார் என்று அவரைப் பார்த்தேன். அவர் முருங்கை மரத்தைப் பார்த்தார். அந்த நிமிஷம் எனக்குத் தம்பி மேல் வந்த கோபத்தைவிட அண்ணன் மேல் வந்த கோபம்தான் பெரிது. கொழுந்தனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"ஒட்டியாணம் பேசாது அண்ணி. வரி அண்ணன் பேர்ல கீது, அதுதான் பேசும். எனக்கு ஓரத்து ஊடு போதும்."

பேர்

அன்று ராத்திரி நான் உலை வைக்கவில்லை. "நாளைக்கு லீவு போட்டுட்டு எங்கூட வரி ஆபீசுக்கு வாங்க. வரலன்னா நான் அயனம்பாக்கம் போறேன், ஊட்டயும் தம்பியயும் நீங்களே வெச்சிக்குங்க" என்றேன். வந்தார்.

ஆபீசில் அதே சைக்கிள்காரர்தான் உட்கார்ந்திருந்தார். அப்பா எழுதிக்கொடுத்த பத்திரத்தை நான் நீட்டுகிறேன், அவர் என்னைத் தாண்டி, "சொல்லு அண்ணாத்தே, இன்னா சமாசாரம்?" என்று இவரைக் கேட்கிறார். இவர் வழக்கம்போலத் தலையை ஆட்டப்போகிறார் என்று பல்லைக் கடித்தேன். இவர் ஆட்டவில்லை. "என்னக் கேக்காதீங்க. ஊடு அதுது, அத்தயே கேளுங்க" என்று என்னைக் கைகாட்டினார். வாழ்க்கையில் அவர் உருப்படியாகப் பேசிய வார்த்தை அதுதான்.

வரிக்காரர் பத்திரத்தைப் படித்தார். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்து, "எந்தப் பேர அடிக்கணும்? நீயே சொல்லும்மா" என்றார். வேண்டுமென்றேதான் கேட்டார். அங்கே இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் தலையை நிமிர்த்தி வேடிக்கை பார்த்தார்கள். யாராவது எனக்காகச் சொல்லிவிடுவார்கள் என்று தெரியும். போன தடவை அப்படிச் சொன்னதில்தான் என் வீடு போக இருந்தது. "ஏழுமலை" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "ஏழுமலைங்கற பேர அடிச்சிட்டு கன்னியம்மான்னு எழுதுங்க." வெட்கத்தில் காது சுட்டது, கோபத்தில் கண்ணீர் வந்தது, இரண்டையும் நான் துடைத்துக்கொள்ளவில்லை. ஆட்சேபணை இல்லை என்று இவரும் கையெழுத்துப் போட்டார். கொழுந்தனார் வாய் அதோடு அடைத்தது.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ரயில்வே கேட் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். கேட் மூடியிருந்தது. வண்டி போகட்டும் என்று நின்ற இடத்தில், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"இத்தினி வருசத்துல இன்னிக்கித்தான் உன் வாயால எம் பேரக் கேக்கறேன். அதுவும் அடின்னு சொல்லி."

இன்றைக்கும் வீடு கேட்டு வருகிறவர்கள் வாசலில் நின்று "வீட்டுக்காரர் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். இருக்கிறார், உள்ளே தூங்குகிறார், வீடு வேண்டுமானால் என்னைக் கேளுங்கள் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டிவிட்டது.