முதல் வரிசை ஓர நாற்காலி

நாற்காலியை விரித்ததும் இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பார்க்கிறார் தச்சர். ஆடினால் உறுமுகிறார். எங்கள் கிறிஸ்தவ சபை கூடும் வாடகைக் கூடத்தில், ஞாயிறு காலை அறுபத்துமூன்று நாற்காலி போடுவது அவர் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை; அவரே எடுத்துக்கொண்டது.

ஆளுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார். இருமுகிற தையற்காரம்மாவுக்கு வாசலோரம். பருத்த பேக்கரிக்காரருக்கு அடியில் இரும்புப் பட்டை அடித்த நாற்காலி. அது அவருக்கே தெரியாது. எனக்கு முதல் வரிசை ஓரம். அங்கே தரை சற்றுப் பள்ளம். நான் வந்ததும் நாற்காலிக் காலுக்கு அடியில் செருக, சட்டைப்பையில் ஒரு மரச்சில்லு வைத்திருப்பார்.

வராதவரின் நாற்காலியை மடக்கவும் மாட்டார், பிறருக்குத் தரவும் மாட்டார். “பல்லு விழுந்தா நாக்கு அங்கேயேதான போவுது? சபையும் உடம்புதாண்ணே” என்பார். மறுநாள் வேலை முடிந்து, தலையெல்லாம் மரத்தூளோடு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். ஒற்றை லாரியில் தொடங்கி ஒன்பது லாரி ஓட்டியவன். கூடத்து மின்விசிறி அத்தனையும் நான் போட்டது. “நான் இல்லாட்டி இந்தச் சபைக்குத் தலையே இல்ல” என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்? போதகர் வேதப்புத்தகத்தைப் புரட்டினார். தச்சர்தான் வாயைத் திறந்தார்.

“தலை கர்த்தருண்ணே, மேல இருக்காரு. நீங்க வேணும்னா தோள்பட்டை. பாரம் தூக்குற ஆளுதான?”

எல்லாரும் சிரித்தார்கள். நான்கு ஞாயிறு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

திங்கள் தவறாமல் தச்சர் வந்தார். முதல் வாரம் நான் கதவைத் திறக்கவில்லை. அடுத்த வாரம், “உன் நாற்காலியும் வேணாம், நீயும் வேணாம், போய்யா!” என்றேன். “சரிண்ணே” என்றவர், கிறீச்சிட்ட என் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார்.

“இப்பக் கதவு கத்தல. நீங்கதான் கத்துறீங்க” என்றாள் என் மனைவி.

ஐந்தாம் ஞாயிறு, பாட்டு தொடங்கிய பிறகு நுழைந்தேன். விசிறிகள் ஓடுகின்றனவா என்று பார்க்கத்தான் போனேன். அன்று புதியவர்கள் நிறைய. இருந்த நாற்காலியெல்லாம் தீர்ந்து, தன்னுடையதையும் கொடுத்துவிட்டுத் தச்சர் சுவரோரம் நின்றிருந்தார். முதல் வரிசை ஓரத்தில் மட்டும் ஒன்று காலியாக இருந்தது.

என்னைப் பார்த்தார். நேரே முன்னால் போய், எல்லாருக்கும் எதிரே மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்த மரச்சில்லை எடுத்து நாற்காலிக் காலுக்கு அடியில் செருகினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பார்த்தார்.