ஒரு கரண்டி பஞ்சாமிர்தம்

என் மனைவிக்கு இனிப்புநீர் நோய் ஏற்கெனவே உண்டு. பிறகு நிணநீர்ப் புற்றும் வந்தது. நாலு கீமோ முடிந்ததும், மருந்து வேலை செய்கிறதா என்பதைப் பெட் ஸ்கேன்தான் சொல்லும் என்றார் டாக்டர். சர்க்கரை கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். மிச்சமிருக்கும் கட்டி அதை உறிஞ்சிக்கொண்டு படத்தில் ஒளிரும். அதனால் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்.

எங்கள் ஊர் பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் காலையிலேயே கிளம்பினோம். வழியில் முருகன் கோயிலில் நான்தான் காரை நிறுத்தினேன். குருக்கள் அவள் கையில் பஞ்சாமிர்தம் வைத்தார். அவள் தயங்கினாள்.

"ஒன்னும் சாப்பிடக் கூடாதுன்னாங்களே."

"இது பிரசாதம்லா. சாமி குடுக்கறத வேணாம்னு சொல்லாத."

மருத்துவமனையில் தாதி விரலைக் குத்திப் பார்த்தார். சர்க்கரை எகிறியிருந்தது. இந்த அளவில் படம் சரியாக விழாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் அதே மருந்தில் இன்னொரு கீமோ ஏற்றினார்கள். முடி போனது போதாதென்று வாயெல்லாம் புண்.

பிறகு எடுத்த படத்தில் கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் ஒளிர்ந்தன. அந்த மருந்துக்கு நோய் கொஞ்சமும் மசியவில்லை என்றார் டாக்டர். அப்படியென்றால் அந்தக் கடைசிக் கீமோவை அவள் உடம்பில் வீணாக ஏற்றியது நான். நானென்ன பெரிய பக்தனா? தைப்பூசத்துக்கு மட்டும் கோயில் பக்கம் போகிறவன்.

திரும்பும் வழியில் அந்தக் கோயிலைப் பார்க்காமல் ஓட்டினேன்.

"நிறுத்துங்க," என்றாள்.

இறங்கிப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்கி வந்தாள். புண் எரிய எரிய வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப சாப்பிடலாந்தானே?"