பட்டிப்பொங்கலன்று கொடுக்காத கடிதம்

போன சனிக்கிழமை சோலோதுர்ன் நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒரே அமளி. வெளியே வயலில் யாரோ சாணித் தண்ணீர் விசிறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தின. நானோ சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்பவன் மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். “சீ, ஆக்கள் பாக்கினம்” என்று முழங்கையால் இடித்தாள் ராணி. என் மனைவி. அவளிடம் இடி வாங்காமல் நான் எந்தப் பஸ்ஸிலும் போனதில்லை.

இருபத்தாறு வருடம் அந்த மணத்துக்குள் கிடந்தவன் நான். உண்மையில் நான் விவசாயியே இல்லை, கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் புடவைக்கடையில் துணி கிழித்தவன். கோயில் மாட்டுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்ததுதான் என் கால்நடை அனுபவம். இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் பக்கத்துக் கட்டில்காரர்தான், “தம்பி, என்ன தொழில் எண்டு கேட்டால் தோட்டம், மாடு எண்டு சொல்லும். கெதியா வேலை கிடைக்கும்” என்றார். சொன்னேன். கிடைத்தது. ஆரே ஆற்றோரச் சமவெளியில், ஏர்ன்ஸ்ட் என்ற பிள்ளைகள் இல்லாத மனிதரின் பண்ணையில், பதினெட்டு மாடுகளோடு. புலிவாலைப் பிடித்தவன் கதை சொல்வார்களே, என்னுடையது மாட்டுவால்.

மாடு ஒருநாளும் லீவு தராது. காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்துக்கும் மடி நிறைந்துவிடும். நத்தார், தீபாவளி, காய்ச்சல் எதுவும் அதற்குத் தெரியாது. ராணியின் அக்கா தூரத்தில், ரெனான் என்ற ஊரில் இருந்தார். அவருடைய மகளின் முதல் பிறந்தநாளுக்குப் போய், கேக் வெட்டுவதற்கு முன்பே ரயிலுக்கு ஓடி வந்தோம். ராணிக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: அக்காவோடு ஒரே கட்டடத்தில், மேல்வீடு கீழ்வீடாக இருக்கவேண்டும். “கொஞ்சம் கறி தாங்கோ அக்கா எண்டு படியிறங்கிப் போனால் காணும் எனக்கு” என்பாள். “வாற வசந்தத்துக்குப் போவம்” என்பேன் நான். அப்படிப் பன்னிரண்டு வசந்தம் போனது. கொட்டிலில் கட்டிக் கிடப்பது பத்தொன்பது உருப்படி என்று என்னையும் சேர்த்தே எண்ணிக்கொள்வேன்.

பிறகு உண்மையாகவே வழி திறந்தது. அக்காவுக்கு மேல்வீடு காலியானது. எனக்கு அங்கே ஒரு சலவை ஆலையில் வேலையும் சரி. விலகல் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் திரிந்தேன். ஏர்ன்ஸ்டின் முகத்தைப் பார்த்தால் நா எழவில்லை. அதற்குள் பட்டிப்பொங்கல் வந்துவிட்டது. போகப்போகிறோம், சோறு போட்ட சீவன்களுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். அத்தனை வருடத்தில் அதுவரை செய்யாத வேலை. காலைப் பால் கறந்து முடித்து, பதினெட்டின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து, ராணி பொங்கித் தந்த புக்கையில் ஒவ்வொரு வாய் ஊட்டினேன்.

ஏர்ன்ஸ்ட் வாசலில் வந்து நின்றார். என்ன இது என்று கேட்டார். மாட்டை வீட்டு ஆளாக மதித்து நன்றி சொல்லும் நாள் என்றேன். விடைபெறுகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை, பேயன் நான். அவர் தொப்பியைக் கழற்றி, குனிந்து தன் நெற்றியைக் காட்டினார். பொட்டு வைத்துவிட்டேன். கண் கலங்கி, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அந்தக் கைக்குள் எப்படிக் கடிதத்தை வைப்பது?

வீட்டில் ராணி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். “குடுத்தியளோ?” என்றாள். “இல்லையப்பா” என்றேன். அடுக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இன்னும் பதினாலு வருடம். ஏர்ன்ஸ்டின் இடுப்பு முறிந்த பிறகுதான் மாடுகள் லொறி ஏறின. கொட்டிலில் இப்போது யார் யாருடைய காரவான் வண்டிகளோ நிற்கின்றன. அக்காவும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது.

சனிக்கிழமை நாங்கள் போனது முதியோர் இல்லத்தில் இருக்கும் ஏர்ன்ஸ்டைப் பார்க்கத்தான். ராணி கீழே கோப்பி குடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மேலே போனேன். பேச்சு அந்தப் பொங்கலுக்குப் போனது. அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “அண்டைக்கு நான் கொட்டிலுக்கு ஏன் வந்தனான் தெரியுமோ? மாடு எல்லாத்தையும் விக்கப்போறன், நீ வேறை வேலை பார் எண்டு சொல்லத்தான். யாவாரியோடையும் கதைச்சு முடிச்சிட்டன். வந்து பார்த்தால் நீ பொட்டு வைச்சுச் சோறு தீத்திறாய். உன்ரை மனசை எப்பிடி உடைக்கிறது? உனக்காகத்தான் மாடுகளை வைச்சிருந்தனான்.”

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

ராணி கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

“என்ன கதைச்சவர்?”

“மாடுகளைப் பற்றித்தான்.”

“உங்கள் ரெண்டு பேருக்கும் வேறை என்ன கதை இருக்கு” என்றாள்.