சுவரிலிருந்து உரித்த விலாசங்கள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எனக்குப் 'புத்தகப் பைத்தியம்' என்று பட்டப்பெயர். ரோலர் மெஷினுக்குக் கொழுந்து அள்ளிப் போடுகிறவனுக்கு வால்நட்சத்திரம் எதற்கு, வங்கி விவகாரம் எதற்கு என்று கேட்பார்கள். வங்கி வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை. ஆனால் அது எப்படி முறிந்துபோகும் என்று ஒரு மணி நேரம் பேசுவேன். கொழுப்புதான், வேறென்ன! சென்னையிலிருந்து மலிவுப் புத்தகங்கள் தபாலில் வரும். விஞ்ஞானம், சரித்திரம், அரசியல், அமெரிக்காக்காரர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படி ஓட்டுப் போடுகிறார்கள், எல்லாம் வரும். பஞ்சம் பிழைக்கக் கப்பலேறிப் போனவர்கள் சில வருஷங்களில் அந்த நாட்டுக்காரர்களாகவே ஆகிவிடுகிறார்கள் என்ற பக்கத்தை என் மனைவிக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

"நம்ம பாட்டன் ஏறுன கப்பலு அங்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றாள்.

இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த பாட்டன் வழியினர் என்று எங்களை நாடற்றவர்களாக்கிவிட்டார்கள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டேன். எனக்குக் கிடைத்தால்தான் அவளுக்கும் தொட்டிலில் கிடந்த மகளுக்கும் ஒரு வழி பிறக்கும். இடைவிடாமல் இங்கேயே வசித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்து ஆபீசுக்கு ஓடினேன். நடுவில் இரண்டு வருஷத்துப் பேர்ப் புத்தகம் மழை ஒழுகி ஊறிப்போய் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டதாம். அந்த இரண்டு வருஷமும் அதே ரோலரடியில்தானே கிடந்தேன், பாவி! யாரிடம் போய்ச் சொல்ல?

சோறு இறங்கவில்லை. விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தபோது அவள் சுவரைக் காட்டினாள்.

"இது என்னாங்க?"

குளிர்காற்று அடிக்கிற பக்கத்துச் சுவரில், புத்தகம் சுற்றி வந்த காகிதங்களை மாவுப் பசையால் ஒட்டியிருந்தோம். ஒவ்வொன்றிலும் என் பெயர், தோட்டம், லயம், எங்கள் அறையின் காம்பரா நம்பர், எங்கள் தபாலாபீஸ் முத்திரை, தேதி. இரண்டு வருஷமும் சுவரிலேயே இருந்திருக்கிறது! கொழுந்து பறித்து வந்த கையோடு அவள் சுடுதண்ணீர்த் துணியை ஒற்றி ஒற்றி உரித்தாள். ஒன்று கிழிந்தபோது பிள்ளைக்கு அடிபட்டதுபோல் அழுதாள். பதினொன்று தேறியது. அடுப்பு மேட்டில் காயவைத்து, அமெரிக்காப் புத்தகத்துக்குள் அடுக்கிக் கொடுத்தாள்.

அட்டன் டவுனில் விசாரணை. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் விலாசத்தை அவர் பார்க்கவில்லை. அவர் விரல் அனுப்பியவர் விலாசத்தில் போய் நின்றது. அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"இந்தியாவுலருந்து இத்தனை பார்சல் வந்திருக்கே, அங்க ஒனக்கு யாரு இருக்கா?"

"யாருமில்லீங்க ஐயா. அது பொஸ்தகக் கடைங்க."

"லயத்துக்காரனுக்குப் பொஸ்தகமா?"

சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுல வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன்!" என்று கத்திவிட்டேன். சனிக் கிரகத்து வளையம், பிரெஞ்சுப் புரட்சி என்று வாய்க்கு வந்ததெல்லாம் ஒப்பித்தேன். கப்பலில் போனவர்கள் கதைக்கு வந்தேன். அதிகாரி ஃபைலை மூடி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் குழியை நானே பசை போட்டு ஒட்டி, உரித்து, கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோது, கடிதத்தைக் கையில் தந்தார்கள். தொடர்ந்து இங்கே வசித்தது நிரூபிக்கப்படவில்லை, இந்தியத் தொடர்பு தெரிகிறது, மனு தள்ளுபடி. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை ஒரு தரத்துக்குமேல் முடியவில்லை.

அவள் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். என் பெயர், தோட்டம், லயம், காம்பரா நம்பர். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

"நம்ம இங்க இல்லைன்னு சொல்றதுக்கு, இங்கதானே அனுப்பியிருக்காய்ங்க?"

உரித்த சுவர் வழியே காற்று வந்துகொண்டிருந்தது. மகள் இருமினாள். என் மனைவி பசை காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள்.