தார் ரோடு முடிகிற இடம்

"உங்களுக்கு மட்டும் கார் ஒழுங்கு செய்திருக்கிறேன்" என்று செஃபின் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பெண் மேலதிகாரியை இங்கே செஃபின் என்பார்கள். என் பிரிவுக்குப் பொறுப்பான அவர் நல்ல மனுஷி, ஒரு பிழை சொல்ல முடியாது. அதுவே கோபத்தை இன்னும் கூட்டியது. சுவிஸின் பீல் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில், கைக்கடிகாரத்துக்குள் போகும் எள்ளளவு திருகாணிகளைப் பூட்டுவது எங்கள் வேலை. வருடத்தில் ஒரு நாள், செப்டெம்பரில், பிரிவு முழுவதும் நகரத்துக்கு மேலே நிற்கும் யூரா மலையில் நடந்து ஏறி, உச்சியில் உள்ள சாப்பாட்டுக் கடையில் ஒன்றாகச் சாப்பிடும். பதினொரு வருடமாக நான் போகவில்லை. ஒரு வருடம் கோவில் திருவிழா என்றேன், ஒரு வருடம் தடிமன் என்றேன், ஒரு வருடம் மகளின் பரீட்சை என்றேன். கைவசம் இருந்த பொய்கள் தீர்ந்த வருடத்தில் கார் வந்தது.

"வேண்டாம், நான் நடந்தே வருவேன்" என்று சொல்லிவிட்டேன். மேசைக்குத் திரும்பி, சாமணத்தால் அடுத்த திருகாணியை எடுத்தேன்.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பதினேழு வயதில், யுத்தத்தில் ஊரை விட்டு இடம்பெயர்ந்து இருந்துவிட்டு வீட்டைப் பார்க்கத் திரும்பிப் போன நாளில், எங்கள் வளவுக்குள்ளேயே மிதிவெடியில் போனது. நான் முதல் ஆளாகப் போகவில்லை. அப்பா, மாமா, அண்ணை என்று மூன்று பேர் எனக்கு முன்னால் அதே தடத்தில் நடந்து போனார்கள். நாலாவதாகப் போன நான், அவர்கள் மிதித்த இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தேன். அவர்கள் மூவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

எல்லோரும் என் பொய்க்காலைப் பார்த்து இரக்கப்படுவார்கள். அந்தக் காலில் ஒரு குறையும் இல்லை. அதைச் செய்து தந்தவர், "இந்தப் பாதம் மலை ஏறும், நீங்கள்தான் கூட்டிப்போவதில்லை" என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பிரச்சினை மண். கலியாணம் முடித்து சுவிஸுக்கு வந்து இருபது வருடம் கடந்த பிறகும், தாரையும் கொங்கிறீற்றையும் விட்டு நான் இறங்கியதில்லை. புல்லுக்குள் உருண்டுபோன பந்தை எடுக்க மகள்தான் போவாள். அம்மா சோம்பேறி என்று அவள் நினைத்திருந்தாள், நானும் அப்படியே நினைக்க விட்டிருந்தேன். என் கணவருக்கு மட்டும்தான் காரணம் தெரியும்.

சைக்கிள் வேறு கதை. சைக்கிளில் மண்ணைத் தொடுவது ரயர்தான். பொய்க்காலின் சப்பாத்தைப் பெடலோடு ஒரு வாரால் கட்டிவிட்டால், தார் போகிற இடமெல்லாம் நான் போவேன். "எலெக்ட்ரிக் சைக்கிள் ஒண்டு வாங்குவமே?" என்று அவர் கேட்காத மாதம் இல்லை. "மோட்டர் ஏறினதை நான் ஏறினன் எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன்.

சுற்றுலாவுக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒரு ஞாயிறு காலை நானும் அவரும் ஒத்திகைக்குப் புறப்பட்டோம். வளைவு வளைவாக ஏறும் வீதியில் மூச்சு முட்ட மிதித்து, தார் முடிகிற இடத்தில், காட்டின் வாசலில், சைக்கிள்களைச் சாத்தினோம். அங்கே ஒரு மாட்டுக்கொட்டில் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது கொட்டில் அல்ல, பழைய பங்கர். கொங்கிறீற்றின் மேல் பலகை போலவே வர்ணம் பூசி, பொய் யன்னல் ஒன்றைப் படமாகக் கீறி, அந்த யன்னலுக்குச் சிவப்புக் கட்டம் போட்ட சீலையும் கீறியிருந்தார்கள். உலக யுத்த காலத்தில் எதிரி எல்லை தாண்டி வந்தால் மறிக்க என்று இந்த மலை முழுவதும் ஆயத்தம் செய்திருக்கிறார்கள். எதிரி வரவேயில்லை. எங்களுடைய பங்கர் பனங்குற்றியும் மண்மூட்டையும்தான், அதற்கு யன்னல் சீலை கீற ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது.

அவர் பக்கத்தில் நின்ற விளக்கப் பலகையை வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பாலங்களுக்கும் வீதிகளுக்கும் கீழே வெடிமருந்து வைத்திருந்தார்களாம், பிறகு எல்லாவற்றையும் அகற்றிவிட்டார்களாம். வாசித்து முடித்த பிறகுதான் அவருக்குத் தான் செய்த வேலை விளங்கியது.

"அகற்றினதெண்டு ஆர் சொன்னது?" என்றேன்.

"பலகையிலை கிடக்கு."

"எங்கடை வளவையும் பாத்து முடிஞ்சுதெண்டுதான் சொன்னவை."

அவர் பலகையை விட்டுப் பாதைப் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி, நான் முன்னுக்குப் போறன். நீர் என்ரை அடியிலை கால் வைச்சு வாரும்" என்றார்.

"அதைத்தானே அண்டைக்கும் செய்தனான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. அன்பாகச் சொன்ன மனிதரிடம் இப்படிப் பாய்ந்தேனே என்று எனக்கும் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் ஒரு வழி பிறந்தது. இடது காலைத் தூக்கிக் காட்டி, "இது போனால் இன்னொண்டு செய்விக்கலாம். நீங்கள் தள்ளிப் பின்னாலை வாங்கோ" என்று சொல்லிவிட்டு, தாரை விட்டு இறங்கினேன்.

முதலில் பொய்க்காலை வைத்து, என் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டு, நாலு எண்ணுவேன். ஒன்றும் நடக்காவிட்டால், அதை ஒட்டியபடி வலது காலைக் கொண்டுவந்து வைப்பேன். மணவறைக்குக் கூட்டிவரும் பொம்பிளை கெட்டாள், அவ்வளவு மெதுவான நடை. ஆனாலும் நடந்தேன். காட்டு மண் காலுக்குக் கீழே மெத்தென்று அமுங்கியது.

கால் மணித்தியாலம் போயிருக்கும். பாதையோரத்துக் கல் ஒன்றில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை அடித்திருந்தது. நான் நின்றேன், அவரும் நின்றார். ஊரில் மிதிவெடி எடுக்க வந்தவர்கள் வெடி கிடக்கும் எல்லையில் சிவப்பும் வெள்ளையும் பூசிய குற்றிகளைத்தான் நட்டுவிட்டுப் போவார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி, திரும்பாமல், வைத்த அடியிலேயே கால் வைத்துப் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினோம். நாயோடு ஓடி ஏறி வந்த ஒரு பெண், பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டாள். "ட்ரெய்னிங்" என்றார் என் கணவர், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு. அவள் தலையாட்டிவிட்டு அந்தக் கல்லைத் தாண்டி ஓடி மறைந்தாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இந்த நாட்டில் அது மலைப்பாதையின் அடையாளம். இந்த வழியால் போ, இதுதான் சரியான வழி என்று சொல்வது. மகளின் பள்ளிப் புத்தகத்தில் நானே பார்த்திருக்கிறேன். காட்டுக்கு நடுவே நின்று வயிறு நோகச் சிரித்தோம்.

சிரித்த தெம்பில் இன்னும் மேலே ஏறினோம். டாங்கிகளை மறிக்கப் போட்ட கொங்கிறீற்றுக் கூம்புகள், பாசி பிடித்து, மரங்களுக்கு இடையே வரிசையாக நின்றன. அவற்றைத் தாண்டியதும் பாதையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அதற்கு மேலே உதிர்ந்த இலை மூடிய மண். அங்கே என் சூத்திரம் பிழைத்துப்போனது. பொய்க்கால்காரருக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பொய்க்கால் முதலில். உயரத்தில் பொய்க்காலை வைத்தால் அது உடம்பைத் தூக்காது. ஆகவே எனக்கு மிச்சமாக இருக்கிற காலைத்தான் முதலில் வைக்க வேண்டும். மூன்று தரம் தூக்கினேன், மூன்று தரமும் அது தானாகவே திரும்பி வந்தது. அடுத்த இரண்டு ஞாயிறும் போய், அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். அவர் ஒரு தரமும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அதற்காக அவருக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

சுற்றுலா நாளில் அவருக்கு நகரத்து உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை. நான் தனியே சைக்கிளில் ஏறினேன். மற்றவர்கள் பஸ்ஸில் வந்து காட்டு வாசலில் இறங்கினார்கள். முந்திய நாள் காற்று அடித்ததில் பாதை முழுவதும் இலை. என் நடையைப் பார்த்து செஃபின் தானும் எனக்குப் பின்னால் மெதுவாக நடந்தார், கார் என்ற சொல்லை எடுக்கவில்லை. அந்தக் கல்லடியில் நான் நின்றதும் பின்னால் வந்த எல்லோரும் நின்றார்கள்.

எங்கள் பிரிவில் வயதில் மூத்தவர் ஒருவர், இந்த நாட்டுப் படையில் முன்பு சேவை செய்தவர். அவரிடம் நேரடியாகவே கேட்டேன், இந்த மண்ணுக்குள் ஏதாவது இருக்குமா என்று. அவர் என் காலைப் பார்த்தார், சிரிக்கவில்லை. "சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் என் பிள்ளைகள் இந்தக் காட்டில்தான் விளையாடி வளர்ந்தார்கள்" என்றார். பிறகு, "நான் முன்னால் போகட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். வலது காலின் விரல்கள் சப்பாத்துக்குள் மடங்கிக் கிடந்தன. அந்த நேரத்தில் நினைத்தது ஒன்றுதான்: பதினேழு வயதிலிருந்து இந்தக் காலை ஒளித்து ஒளித்து வளர்த்துவிட்டேன், இனி இதற்கு நடக்கக் கிடைக்கப்போவது எப்போது? வலது காலைத் தூக்கி, கல்லுக்கு மேலே, இலைக்குள் வைத்தேன். ஈரம் சப்பாத்தைத் தாண்டி ஊறியது. உடம்பை மேலே தூக்கி, இடது காலையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். பிறகு எண்ணாமலே அடுத்த அடியை வைத்தேன்.

உச்சியில் எல்லோரும் மேசையில் இருந்து சாப்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியே வந்து என் கணவருக்குப் போன் எடுத்தேன். பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது.

"ஏறியாச்சோ?" என்றார்.

"ஓம்."

"அந்தக் கல்லிலை எந்தக் கால்?"

"வலது."

கோப்பைச் சத்தம் தூரப் போனது. அவர் எங்கோ கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறார் என்று விளங்கியது. "உமக்கு முன்னாலை ஆர் போனது?" என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

"ஒருத்தரும் போகேல்லை" என்றேன். "நான்தான் முதல் ஆள்."